ஜாமீன் எடுப்பது எப்படி: லாயரைத் தேடுவதற்கு முன்பே கையெழுத்துப் போட ஆளைத் தேடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு லாயர் ஆபீசில் பல வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். பையனைப் போலீஸ் பிடித்துவிட்டால் குடும்பம் எந்த வரிசையில் ஓடும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் கோயில் தலைவர், அப்புறம் கட்சிக் கிளைத் தலைவர், அப்புறம் லாயர். அதற்குள் வீட்டில் யாருடைய சங்கிலியோ அடகுக் கடைக்குப் போயிருக்கும். "யாரு ஜாமீன் நிக்கிறது?" என்ற கேள்வி மட்டும் கோர்ட்டு வாசலில், கடைசி நிமிடத்தில்தான் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. செம்பனைக் குலை திருடியதாக ஒரு பையன் மேல் தண்டனைச் சட்டத்தின் 379-வது பிரிவில் குற்றச்சாட்டு. மாஜிஸ்திரேட் 3,000 ரிங்கிட் ஜாமீன், ஒரு ஜாமீன்காரர் என்று சொல்லிவிட்டார். அவனை வளர்த்த பாட்டி பணத்தோடு வந்திருந்தார். பல பேர் சேர்ந்து போட்ட கூட்டுப் பணம், எல்லாம் பத்தும் இருபதுமாக, ரப்பர் பேண்டு போட்டு ஜவுளிக் கடைப் பையில் சுற்றி வைத்திருந்தார். கவுண்டரில் ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் கேட்டார்கள். சிவப்பு ஐசி. அறுபது வருடம் இந்த மண்ணில் பால்மரம் வெட்டியவர், குடிமகள் இல்லை. அதனால் ஜாமீன் நிற்க முடியாது. "தம்பி, காசு சரியா இருக்கே, எண்ணிப் பாக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். லாரி ஓட்டும் மருமகன் செம்மோரிலிருந்து வந்து சேர்ந்தபோது பேங்கில் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிறையில் இருந்தான். பணம் இருந்தது, கையெழுத்துப் போட ஒரு கைதான் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை நம் ஊர் வழக்கத்துக்குத் தலைகீழாக இருக்கும்.

முதல் நாள்: மூன்று விவரம்

பிடித்த செய்தி கிடைத்ததும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள்? விசாரிக்கும் அதிகாரி, அதாவது ஐ.ஓ., யார்? எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் பிடித்திருக்கிறார்கள்? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லாயரானாலும் சரி, இலவசச் சட்ட உதவியானாலும் சரி, போன் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். "அடிதடி கேஸு" என்று சொன்னால் போதாது. கையால் அடித்த 323-ஆ, ஆயுதத்தால் படுகாயப்படுத்திய 326-ஆ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆள் பிடிபட்ட ஸ்டேஷனிலேயே இருப்பான் என்றும் நினைக்காதீர்கள். லாக்-அப் வேறு இடத்தில் இருக்கலாம்.

ஏன் பிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளவும் தனக்குப் பிடித்த லாயரோடு பேசவும் பிடிபட்டவருக்கு உரிமை உண்டு. அது கூட்டரசு அரசியலமைப்பின் 5-வது பிரிவில் இருக்கிறது. குடும்பத்துக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அவரை விட வேண்டும், இல்லையென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும்.

சின்ன விஷயமாக இருந்தால் அன்றைக்கே போலீஸ் ஜாமீனில் விடுவார்கள். ஒருவர் ஐசியோடு போய், பாரத்தில் கையெழுத்துப் போட்டு, கூட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். அங்கே ரொக்கம் கைமாறும் வேலை இல்லை. "கொஞ்சம் செலவாகும்" என்று நடுவில் யாராவது சொன்னால், ரசீது கிடைக்குமா என்று கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். திரும்ப வரச் சொன்ன தேதியைப் பாரத்தில் எழுதியிருப்பார்கள். அன்றைக்குப் போயே ஆக வேண்டும். "கேஸு ஒன்னும் இல்லையாம்" என்று காப்பிக் கடையில் யாரோ சொன்னதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

ரிமாண்ட்: இதுதான் உங்களுக்குக் கிடைத்த அவகாசம்

24 மணி நேரத்தில் விசாரணை முடியாவிட்டால் போலீஸ் அதே நடைமுறைச் சட்டத்தின் 117-வது பிரிவின் கீழ் ரிமாண்ட், அதாவது விசாரணைக்காகக் காவலில் வைக்க அனுமதி, கேட்பார்கள். 14 வருடத்துக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் தடவை 4 நாள் வரை, இரண்டாவது தடவை 3 நாள் வரை. 14 வருடமோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ என்றால் 7 நாள், மறுபடியும் 7 நாள். இவை உச்ச வரம்புகள். லாயர் பேசினால் மாஜிஸ்திரேட் குறைத்துக் கொடுப்பதும் உண்டு.

இந்தக் கட்டத்தில் லாயருக்குக் காசில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் லாயர்கள் கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வந்து நிற்பார்கள். கோர்ட்டில் அதன் மலாய்ச் சுருக்கப் பெயரான 'வாய்.பி.ஜி.கே.' என்று கேளுங்கள், எல்லாருக்கும் தெரியும்.

இந்த நான்கு நாளோ ஏழு நாளோ ஸ்டேஷன் வாசலில் நின்று அழுவதற்கு இல்லை. ஜாமீன்காரரைத் தேடுங்கள். மலாயில் 'பென்ஜாமின்' என்பார்கள். வயது வந்தவராக, நீல ஐசி உள்ள மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தர முகவரி, ஒரு வேலை, கேஸ் எதிலும் மாட்டாத பேர் இருந்தால் நல்லது. ஐசி அசல், அதன் நகல் நான்கைந்து, சம்பளச் சீட்டு, வீட்டு விலாசம் போட்ட தண்ணீர் பில் அல்லது மின்சார பில், எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், இரண்டு பேரைத் தயாராக வைப்பேன். சில நேரம் கோர்ட்டே 'டுவா ஓராங் பென்ஜாமின்', அதாவது இரண்டு ஜாமீன்காரர் கேட்கும். கேட்காவிட்டாலும், ஒருவருக்கு அன்றைக்குப் பார்த்து முதலாளி லீவு கொடுக்கமாட்டார்.

அவரிடம் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். "ஒரு கையெழுத்துதான், அண்ணே" என்று கூட்டி வருவது பெரிய தப்பு. பையன் ஒவ்வொரு தேதிக்கும் வந்து நிற்பதற்கு அவர்தான் பொறுப்பு. வராவிட்டால் அவருடைய பணம் போகும். விருப்பமில்லாதவர் முதல் தேதியிலேயே பின்வாங்கிவிடுவார். நடைமுறைச் சட்டத்தின் 393-வது பிரிவின்படி, ஜாமீனிலிருந்து விடுவிக்கச் சொல்லி அவர் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். அப்படி நடந்தால் பையன் மறுபடியும் உள்ளே போக வேண்டும், அல்லது புது ஆளைக் கொண்டுவர வேண்டும்.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகைக்கு ஜாமீன் ஓர் உரிமை. தொகையும் ஜாமீன்காரரும் சரியாக இருந்தால் விட்டே ஆக வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 323-வது பிரிவு, அதாவது கையால் அடித்துக் காயப்படுத்தியது, இந்த வகை. அதற்குத் தண்டனை ஒரு வருடம் வரை சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது வகையைச் சட்டத்தில் 'ஜாமீன் இல்லாத குற்றம்' என்று எழுதியிருப்பதால் பல குடும்பங்கள் அதைக் கேட்டதும் இடிந்து போய்விடுகின்றன. ஆனால் அந்தப் பேர் ஏமாற்றும். ஜாமீன் கொடுப்பது நீதிபதியின் விருப்புரிமை என்பதுதான் அதன் அர்த்தம். நான் சொன்ன செம்பனைக் குலைத் திருட்டு அந்த வகைதான், அதற்கும் ஜாமீன் கிடைத்தது. ஓடிப்போவானா, சாட்சிகளை மிரட்டுவானா, குற்றம் எவ்வளவு பெரிது, இவற்றையெல்லாம் நீதிபதி எடைபோடுவார்.

மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உள்ள குற்றங்களில் கதவு ஏறக்குறைய மூடியேதான் இருக்கும். நடைமுறைச் சட்டத்தின் 388-வது பிரிவு அதில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருக்கிறது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர், பெண், நோயாளி அல்லது உடல் தளர்ந்தவர் என்றால் கோர்ட் ஜாமீனை யோசிக்கலாம். மருத்துவச் சீட்டு இருந்தால் லாயரிடம் கொடுங்கள், வீட்டு அலமாரியில் அது ஒன்றுக்கும் உதவாது. 18 வயது நிரம்பாத பிள்ளையின் வழக்கு 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி நடக்கும். சில கடுமையான குற்றங்களைத் தவிர, தாய் தகப்பன் பொறுப்பேற்றால் விடுவதுதான் அங்கே பொதுவான வழி.

நம் பக்கம் அதிகம் அழுகை கேட்பது போதைப்பொருள் வழக்குகளில். அங்கே எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவின்படி, 5 வருடத்துக்கு மேல் சிறை உள்ள குற்றத்துக்கும் மரண தண்டனைக் குற்றத்துக்கும் ஜாமீன் இல்லை. 5 வருடமோ குறைவோ என்றால் கேட்கலாம். ஆனால் பொதுநலனுக்கு நல்லதல்ல என்று அரசுத் தரப்பு எழுத்தில் கொடுத்தால் அதுவும் அடைபட்டுவிடும். கஞ்சா 20 கிராமிலிருந்து 50 கிராமுக்குள், ஷாபு (மெத்தாம்பெட்டமின்) 5 கிராமிலிருந்து 30 கிராமுக்குள் என்றால் 39ஏ(1) பிரிவு, 2 முதல் 5 வருடம் சிறை. அதற்கு மேல் போனால் 39ஏ(2), ஜாமீன் பேச்சே இல்லை. கஞ்சா 200 கிராமும் ஷாபு 50 கிராமும் எட்டிவிட்டால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும்.

பிடித்த அன்று போடும் எடையில் பொட்டலமும் சேர்ந்திருக்கலாம். கெமிஸ்ட் ரிப்போர்ட் வரும்போது சுத்த எடை குறைந்து, குற்றச்சாட்டே கீழ்ப் பிரிவுக்கு மாறுவது உண்டு. அப்படி மாறினால் அன்றைக்கே மறுபடி ஜாமீன் கேட்க வேண்டும். யாரும் உங்களைத் தேடி வந்து சொல்லமாட்டார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு தேதியிலும் கேளுங்கள்.

'சொஸ்மா', அதாவது பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டம், என்று காதில் விழுந்தால் நிலைமை வேறு. கும்பல் வழக்குகளில் அதைப் போடுவார்கள். 28 நாள் வரை வைத்திருக்கலாம், ஜாமீன் வாசலும் மிகக் குறுகல். இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு கிரிமினல் லாயரிடம் போங்கள்.

கோர்ட்டில்

காலையிலேயே போய்விடுங்கள். குற்றச்சாட்டை மலாயில் வாசிப்பார்கள். புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்டா" என்று பின்னால் இருந்து யாராவது கிசுகிசுப்பார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஜாமீன் கட்டக் காசில்லை என்பதற்காகச் செய்யாத தப்பை ஒத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ரெக்கார்டு அவர்களோடு வேலை கேட்கப் போகும் இடமெல்லாம் வந்தது.

தொகையைப் பேசும் நேரத்தில் லாயர் இல்லாவிட்டால் பையனே பேசலாம். நீளமாக வேண்டாம். "துவான், நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், சம்பளம் 1,700 ரிங்கிட், அம்மாவும் இரண்டு தங்கச்சியும் என்னை நம்பி இருக்கிறார்கள், இதற்கு முன் கேஸ் எதுவும் இல்லை, ஒரே வீட்டில்தான் பத்து வருடமாக இருக்கிறேன்." இவ்வளவு போதும். எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். ஆள் திரும்பி வருவதை உறுதிப்படுத்தும் அளவுக்குத்தான் தொகை இருக்க வேண்டும், மிதமிஞ்சக் கூடாது என்று 389-வது பிரிவு சொல்கிறது. கட்டவே முடியாத தொகை என்றால் குறைக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். நம் பக்கத்துக்கு அது ஈப்போவிலோ தைப்பிங்கிலோ இருக்கும்.

நீதிபதி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிகா ரிபு ரிங்கிட், செஓராங் பென்ஜாமின்' என்றால் 3,000 ரிங்கிட், ஒரு ஜாமீன்காரர். 'தன்பா டெபாசிட்' என்று சேர்த்துச் சொன்னால் பணம் கட்ட வேண்டாம், கையெழுத்து மட்டும். இரண்டு ஜாமீன்காரர் என்றால் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கவுண்டரில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, மாதம் ஒரு தடவை ஸ்டேஷனில் கையெழுத்து, சாட்சிகளிடம் போகாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளும் வரலாம்.

பணம் கட்டுவது

ஜாமீன் பணம் அபராதம் இல்லை, யாருக்கும் கொடுக்கும் கூலியும் இல்லை. கோர்ட்டில் அடகு வைத்த மாதிரிதான். பழைய முறையில், கவுண்டரில் ஒரு கடிதம் கொடுப்பார்கள். ஜாமீன்காரர் அதை பேங்குக்குக் கொண்டுபோய்த் தன் பெயரில் சேமிப்புக் கணக்குத் திறந்து, தொகையைப் போட்டு, பாஸ்புத்தகத்தைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தக் கணக்கைத் தொட முடியாது. இப்போது இணையம் வழியாகக் கட்டும் 'இ-ஜாமின்' முறையும் வந்திருக்கிறது. உங்கள் கோர்ட்டில் எது நடப்பில் இருக்கிறது என்று காலையிலேயே, வழக்கு கூப்பிடுவதற்கு முன்பே, கவுண்டரில் கேட்டு வையுங்கள்.

அப்புறம் கடிகாரம். பேங்க் வரிசை, கோர்ட் கவுண்டர், மதிய இடைவேளை எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும். சாயங்காலத்துக்குள் கட்டவில்லை என்றால் பையனை லாரியில் ஏற்றிச் சிறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்கப்புறம் கட்டினாலும் விடுதலை உத்தரவு கோர்ட்டிலிருந்து சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருவர் பேங்கில் நிற்கட்டும், இன்னொருவர் கவுண்டர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அமெரிக்கப் படங்களில் வருகிற ஜாமீன் கம்பெனியை இங்கே தேடாதீர்கள். அங்கே பல மாநிலங்களில் பத்து சதவீதம் மாதிரி ஒரு கட்டணத்தை வாங்கிக்கொண்டு கம்பெனி பிணை நிற்கும், அந்தக் கட்டணம் திரும்பி வராது. மலேசியாவில் அப்படி லைசென்ஸ் பெற்ற தொழிலே கிடையாது. ஆனால் கோர்ட் வளாகத்தில் "ஐநூறு குடுங்க, நான் ஜாமீன் நிக்கிறேன்" என்று வருகிறவர்கள் இருப்பார்கள். மலாயில் இப்படிப்பட்ட இடைத்தரகர்களை 'உலாட்', புழு, என்பார்கள். நல்ல பேர்தான். முன்பின் தெரியாதவர் பெயரில் உங்கள் பணத்தைப் போட்டால், கடைசியில் அந்தப் பணம் அவர் பெயரில்தான் திரும்பி வரும். வட்டி முதலைகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஜாமீன் தொகை மாதக்கணக்கில், சில வழக்குகளில் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். வட்டி அதுவரை முடங்கிக் கிடக்காது.

வெளியே வந்த பிறகு

கையில் கொடுக்கும் காகிதத்தில் அடுத்த தேதி இருக்கும். 'செபுத்தான்' என்று போட்டிருந்தால் வழக்கைக் கூப்பிட்டு அடுத்த தேதி கொடுப்பார்கள், விசாரணை இல்லை. பத்து நிமிட வேலைதானே என்று அதற்குப் போகாமல் இருந்தவர்கள் நிறைய. வராதவர் மேல் பிடிவாரண்ட் வரும். ஜாமீன்காரரைக் கூப்பிட்டு, பணத்தை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று 404-வது பிரிவின்படி காரணம் கேட்பார்கள். தேதியைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஜாமீன்காரர் வீட்டுக் காலண்டரிலும் போட்டுவிட்டு வாருங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரி எம்.சி.யோடு (மருத்துவ விடுப்புச் சீட்டோடு) யாராவது அன்றைக்கே கோர்ட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வீடு மாறினால் அதையும் சொல்ல வேண்டும்.

வழக்கு எப்படி முடிந்தாலும், விடுதலையோ தண்டனையோ, தேதி தவறாமல் வந்திருந்தால் ஜாமீன் பணம் திரும்பும். தண்டனை அபராதமாக இருந்தால் ஜாமீன் பணம் தானாக அதில் கழியாது. அது ஜாமீன்காரர் பெயரில் இருக்கும் பணம், அபராதத்துக்கு வேறு ரொக்கம் கொண்டுபோங்கள். பணம் போட்டவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் வேறொருவர் என்றால், முதல் நாளே அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுதுங்கள். சொந்தக்காரர்கள் இதில் மனஸ்தாபப்பட்டு, கல்யாணப் பத்திரிகை கூட வைக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கோர்ட் விடுவிப்புக் கடிதமும் பாஸ்புத்தகமும் கொடுத்ததும் ஜாமீன்காரரே ஐசியோடு பேங்குக்குப் போக வேண்டும். அந்த லாரி மருமகன் ஒன்பது மாதம் கழித்துப் போனார், பாட்டியும் கூடப் போனார். 3,000 ரிங்கிட்டையும் நூறு நூறாகக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டி அதைத் திருப்பிக் கொடுத்து, பத்தும் இருபதுமாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாராம். கூட்டுக்காரர்களுக்கு அப்படித்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.